ஆர்டர் ஷீட் சொல்லாத வேலை

அறுவைசிகிச்சை வார்டில் வேலை பார்க்கும் செவிலியரிடம் கேர் பிளான் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: 'அதெல்லாம் படிக்கும்போது எழுதினது.' மாணவி மதிப்பெண்ணுக்காக எழுதுவாள், டியூட்டர் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவார், பரீட்சை முடிந்ததும் நோட்டு பரணுக்குப் போய்விடும். நோயாளிப் பராமரிப்புத் திட்டத்துக்கு நம் மருத்துவமனைகளில் இருக்கும் இடம் இவ்வளவுதான். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்ணிடம் சீனியர்கள் முதல் வாரமே சொல்லிவிடுகிறார்கள்: 'டாக்டர் ஆர்டர் போட்டிருக்கார். அதை நேரத்துக்குச் செஞ்சா போதும்மா.' மருத்துவர்களில் பலர் இதை ஒத்துக்கொள்கிறார்கள். நிர்வாகமும் ஒத்துக்கொள்கிறது. எழுதும் நேரத்தில் இரண்டு நோயாளிகளைப் பார்த்துவிடலாமே என்று வார்டில் சொல்லும்போது யாருக்கும் மறுத்துப் பேச வருவதில்லை.

நான் மறுக்கிறேன். அறுவைசிகிச்சை வார்டில் பல காலம் வேலை பார்த்தவள், இப்போது மாணவிகளுக்குக் கற்றுக்கொடுப்பவள் என்ற முறையில் மறுக்கிறேன். இப்படிச் சொல்பவர்கள் சோம்பேறிகள் இல்லை. கைதேர்ந்தவர்கள், இரக்கமுள்ளவர்கள், சாப்பாட்டு நேரத்தைக்கூட விட்டுவிட்டு ஓடுகிறவர்கள். அவர்கள் சொல்வதால்தான் இந்தக் கருத்து கேள்வியே இல்லாமல் நிலைத்துவிட்டது.

அறுவைசிகிச்சை என்றால் ஆபத்து தியேட்டருக்குள் இருக்கிறது என்றே எல்லோரும் நினைக்கிறோம். சிவப்பு விளக்கு அணையும்வரை குடும்பமே வாசலில் நிற்கும். டாக்டர் வெளியே வந்து 'நல்லா முடிஞ்சுது' என்றதும் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆனால் சாவுகள் நடப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 42 லட்சம் பேர் அறுவைசிகிச்சை முடிந்த 30 நாட்களுக்குள் இறக்கிறார்கள் என்று 2019இல் லான்செட் இதழில் வந்த கணக்கு சொல்கிறது. ஆப்பிரிக்காவில் 25 நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. அதில் பதிவான மரணங்களில் 94 விழுக்காடு அறுவைசிகிச்சை நாளுக்குப் பிந்தைய நாட்களில் நிகழ்ந்தவை. தியேட்டரைத் தாண்டி வந்தவர்கள் வார்டில் இறந்திருக்கிறார்கள்.

இன்னொரு ஆய்வை மாணவிகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்வேன். அமெரிக்க மருத்துவமனைகளில் அறுவைசிகிச்சை செய்துகொண்ட 84,000க்கும் அதிகமானவர்களின் விவரங்களை எடுத்து, இறப்பு மிகக் குறைவான மருத்துவமனைகளையும் மிக அதிகமான மருத்துவமனைகளையும் ஒப்பிட்டார்கள். முடிவு 2009இல் வெளியானது. சிக்கல் வந்த நோயாளிகளின் விகிதம் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுதான்: 24.6 விழுக்காடு, 26.9 விழுக்காடு. நிமோனியாவும் ரத்தக்கசிவும் நல்ல மருத்துவமனையிலும் வருகின்றன. ஆனால் பெரிய சிக்கல் வந்தவர்களில் ஒரு பக்கம் 12.5 விழுக்காடு இறந்தார்கள், மறுபக்கம் 21.4 விழுக்காடு. வந்த சிக்கலை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தார்கள், கண்டபின் எவ்வளவு வேகமாக எதைச் செய்தார்கள் என்பதில்தான் இந்த வேறுபாடு பெரும்பாலும் இருக்க முடியும். கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில், இரவு 2 மணிக்கு, யார் நிற்கிறார்? சர்ஜன் இல்லை. ஸ்டாஃப் நர்ஸ்.

அவர் கையில் இருப்பது ஆர்டர் ஷீட். அதில் என்ன இருக்கும்? வாய்வழி எதுவும் வேண்டாம், டிரிப்ஸ் இவ்வளவு, ஆன்டிபயாடிக் இன்ன நேரம், வலி ஊசி எஸ்.ஓ.எஸ்., பிபியும் நாடியும் 4 மணிக்கு ஒருமுறை, ஐ-ஓ சார்ட், கேத்தீட்டர் கேர். எல்லாமே தேவையானவை. ஒன்றைக்கூடக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே ஷீட்டை அடுத்த கட்டிலுக்கும் போடலாம், அதற்கடுத்த கட்டிலுக்கும் போடலாம். படுத்திருக்கும் ஆளைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

ஒரு நோயாளியை எண்ணிக்கொள்ளுங்கள். இப்படிப்பட்டவர்கள் தென்மாவட்டத்து வார்டு எதிலும் இருப்பார்கள். நிலக்கோட்டைப் பக்கம் பூந்தோட்டத்தில் பூப்பறிக்கும் அம்மா. வயது 58, எடை 50 கிலோ. குடல் அடைப்புக்காக வயிற்றைத் திறந்து அறுவைசிகிச்சை செய்திருக்கிறார்கள். சர்க்கரை இருக்கிறது. இருபது வயதிலிருந்து வெற்றிலை புகையிலை. ஆயுள் முழுக்க விறகடுப்புப் புகை. துணைக்கு மருமகள். 'வலி எப்படிம்மா இருக்கு?' என்று கேட்டால், 'பரவால்லம்மா, நீங்க அந்தப் பிள்ளையப் பாருங்க' என்று பக்கத்துக் கட்டிலைக் காட்டுவார். இருமச் சொன்னால் வாயை இறுக்க மூடிக்கொள்வார். தையல் பிரிந்துவிடும் என்று அவருக்கு உள்ளூரப் பயம்.

இந்த அம்மாவுக்கு வலி ஊசி எஸ்.ஓ.எஸ். என்று எழுதியிருக்கிறது. அதாவது கேட்டால் போடலாம். அவர் கேட்கப் போவதில்லை. கேட்காததால் ஊசி இல்லை. ஊசி இல்லாததால் வயிற்றை அசைக்காமல், மேலோட்டமாக மூச்சு விடுகிறார். மேலோட்டமாக விடுவதால் நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சுருங்குகிறது. புகை குடித்துப் பழகிய நெஞ்சில் சளி தேங்குகிறது. இருமி வெளியேற்றவும் பயம். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ காய்ச்சல் வரும். ஆன்டிபயாடிக்கை மாற்றி எழுதுவார்கள். ஆர்டர் ஷீட்டில் இருந்த ஒன்றையும் யாரும் செய்யாமல் விடவில்லை. ஆனாலும் அந்த அம்மாவுக்கு நிமோனியா.

இதைத் தடுக்கும் பராமரிப்புத் திட்டம் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? ஒரு பக்கம்கூட வேண்டாம். வலி இருக்கிறதா என்று கேட்காதே, ஆழமாக மூச்சிழுத்து ஒருமுறை இருமச் சொல்லிப் பார், முடியாவிட்டால் வலி இருக்கிறது என்று எடுத்துக்கொள். எஸ்.ஓ.எஸ்.ஸை நேரம் குறித்த ஊசியாக மாற்றித் தரும்படி இன்று ரவுண்ட்ஸில் கேட்க வேண்டும். ஊசி போட்டு அரை மணி கழித்து மூச்சுப் பயிற்சி. போர்வையை மடித்துத் தையல்மேல் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இருமச் சொல்லிக்கொடு. மருமகளுக்கும் அதையே காட்டிக்கொடு, நாம் இல்லாத நேரத்தில் அவள் பார்த்துக்கொள்வாள். கட்டிலின் தலைப்பக்கம் உயர்ந்தே இருக்கட்டும். புகையிலை போட்ட வாய், ஆகவே காலையும் இரவும் வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். இவ்வளவுதான். இதில் ஒரு வரியும் பாடநூலிலிருந்து அப்படியே வர முடியாது. ஒவ்வொன்றும் அந்த அம்மாவைப் பார்த்த பிறகு வந்தது.

பாஸ்டனில் ஒரு மருத்துவமனையில் கிட்டத்தட்ட இதையே செய்தார்கள். மூச்சுப் பயிற்சி, இருமல், வாய்ச் சுத்தம், நோயாளிக்கும் வீட்டாருக்கும் விளக்கிச் சொல்லுதல், நாளுக்கு மூன்று முறையாவது கட்டிலைவிட்டு எழுப்புதல், தலைப்பக்கத்தை உயர்த்திவைத்தல். புது மருந்து கிடையாது. விலையுயர்ந்த கருவி கிடையாது. அறுவைசிகிச்சைக்குப் பின் வரும் நிமோனியா 2.6 விழுக்காட்டிலிருந்து 1.6க்கு இறங்கியது என்று 2013இல் எழுதினார்கள். எல்லாமே செவிலியர் கையில் இருக்கும் வேலைகள்.

சிறுநீர் விஷயமும் இப்படித்தான். கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி என்பது எல்லோருக்கும் தெரிந்த அளவு. இந்த அம்மாவுக்கு அது மணிக்கு 25 மில்லி. ஆனால் யூரின் பேகை ஷிஃப்ட் முடியும்போது கொட்டி, மொத்தமாக ஒரு எண்ணை ஐ-ஓ சார்ட்டில் எழுதுவதுதான் வழக்கம். எட்டு மணி நேரத்துக்கு 300 மில்லி என்றால் கணக்குச் சரியாகத்தான் இருக்கும். முதல் ஐந்து மணியில் 280 வந்து, கடைசி மூன்று மணியில் 20தான் வந்திருக்கிறது என்பது அந்த எண்ணில் தெரியாது. உள்ளே ரத்தம் கசிகிறதா, உடலில் நீர் வற்றுகிறதா என்பதைச் சொல்வது அந்தக் கடைசி மூன்று மணிதான். முதல் இரவு மணிக்கு ஒருமுறை அளவு பார், தொடர்ந்து இரண்டு மணி 25க்குக் கீழே போனால் டியூட்டி டாக்டரைக் கூப்பிடு என்று திட்டத்தில் ஒரு வரி இருந்தால், அந்த இரவு வேறு மாதிரி போகும்.

இங்கே மூச்சு எண்ணிக்கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எந்த வார்டின் டிபிஆர் சார்ட்டை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள், கட்டிலுக்குக் கட்டில் 20, 22, 20 என்றே இருக்கும். யாரும் முழு நிமிடம் எண்ணுவதில்லை. உடல் நிலைகுலையத் தொடங்கும்போது முதலில் மாறும் குறிகளில் மூச்சு ஒன்று, பிபி இறங்குவது பெரும்பாலும் பிறகுதான். எண்ணாமல் எழுதிய 20 ஒரு நோயாளியின் உயிரைக் குடிக்கும். 'இவருக்கு முழு நிமிடம் எண்ணு, ஏனென்றால் இவருடைய நெஞ்சு ஏற்கெனவே புகையால் கெட்டது' என்று காரணத்தோடு எழுதியிருந்தால் இரவு டியூட்டிப் பெண் எண்ணுவாள். காரணம் தெரிந்தவர்கள் எண்ணுவதை நான் பார்த்திருக்கிறேன்.

'எனக்கு இதெல்லாம் எழுதிவைக்க வேண்டாம், பார்த்தாலே தெரியும்' என்பார்கள் அனுபவசாலிகள். தெரியும்தான், நம்புகிறேன். ஆனால் மதியம் 2 மணிக்கு அவர் வீட்டுக்குப் போகிறார், அவருக்குத் தெரிந்ததும் அவரோடு போய்விடுகிறது. ஹேண்டிங் ஓவரில் அடுத்தவர் காதில் விழுவது, 'பெட் 14, லேப்பராட்டமி, முதல் நாள், ஃப்ளூயிட் ஓடுது, சார்ட் பாத்துக்கோ.' இந்த அம்மா ஐந்து நாள் வார்டில் இருந்தால் பதினைந்து முறை கைமாறுகிறார். இரவில் இருப்பது பெரும்பாலும் வயதில் இளையவள், தொகுப்பூதியத்தில் வந்தவள், அல்லது வேறு வார்டிலிருந்து அனுப்பப்பட்டவள். அனுபவசாலியின் கண் அவளுக்கு வாய்க்க இன்னும் பத்து ஆண்டு வேண்டும். அதுவரை நோயாளி காத்திருக்க முடியாது. சீனியர் எழுதிவைத்த ஆறு வரி அவளிடம் இருந்தால், அந்த இரவுக்குத் தேவையான அளவாவது அந்தக் கண் அவளுக்குக் கிடைக்கும்.

அவளுக்குத் துணிச்சலும் கிடைக்கும். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நடுராத்திரியில் டியூட்டி டாக்டரை எழுப்புவது சின்னக் காரியம் இல்லை. 'இதுக்கெல்லாமா கூப்பிடுவீங்க சிஸ்டர்?' என்று ஒருமுறை கேட்டவள் மறுமுறை காலைவரை பொறுத்துப் பார்ப்பாள். மூச்சு 24ஐத் தாண்டினால், நாடி 110ஐத் தாண்டினால், சிறுநீர் இவ்வளவுக்குக் கீழே போனால் கூப்பிட வேண்டும் என்று எழுதி, காலை ரவுண்ட்ஸில் சர்ஜனும் பார்த்திருந்தால், அவள் தன் பயத்தைச் சொல்லி எழுப்பவில்லை, ஒப்புக்கொண்ட அளவைச் சொல்லி எழுப்புகிறாள். திட்டம் மருத்துவரின் அதிகாரத்தில் தலையிடுகிறது என்று குறைபட்டுக்கொள்ளும் சர்ஜன்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் தைத்த தையலை இருபத்து மூன்றரை மணி நேரம் பார்த்துக்கொள்பவர், என்ன கண்டால் உங்களைக் கூப்பிட வேண்டும் என்று எங்காவது எழுதியிருக்கிறதா?

மருத்துவ உலகமே ஒப்புக்கொண்ட ஒரு மாற்றம் இந்த இடத்தில் எனக்குத் துணை. 1999இல் டென்மார்க்கில் ஹென்ரிக் கேலட்டும் அவருடன் இருந்தவரும், வயிற்றைத் திறந்து பெருங்குடலின் ஒரு பகுதியை வெட்டிய நோயாளிகளை இரண்டே நாளில் வீட்டுக்கு அனுப்ப முடிந்ததை எழுதினார்கள். அப்போது ஒரு வாரம், பத்து நாள் படுத்திருப்பது சாதாரணம். அவர்கள் புதுக் கத்தியைக் கண்டுபிடிக்கவில்லை. வலியை முன்கூட்டியே அடக்குவது, சீக்கிரமே சாப்பிடக் கொடுப்பது, முதல் நாளே எழுப்பி நடக்கவைப்பது என்று வார்டில் நடக்கும் பராமரிப்பை நாள்வாரியாக வகுத்தார்கள். இன்று நம் ஊர்ப் பெரிய தனியார் மருத்துவமனைகள் பெருமையோடு விளம்பரம் செய்யும் 'விரைவு மீட்பு' முறைகளின் வேர் அதுதான். சர்ஜன் வகுத்தால் நவீன மருத்துவம், செவிலியர் வகுத்தால் நோட்டு வேலை என்பதை என்னால் ஏற்க முடியாது.

'நடக்க வைக்கவும்' என்று நம் ஆர்டர் ஷீட்டிலும் இரண்டாம் நாள் எழுதத்தான் செய்கிறார்கள். யார் நடத்துவது? ஊசி போட்டு எவ்வளவு நேரம் கழித்து? டிரெயின் பையை யார் பிடிப்பது? முதலில் கட்டிலோரம் உட்காரவைத்துத் தலைசுற்றல் பார்த்தார்களா? அந்த அம்மா தண்ணீரே குடிக்காமல் இருப்பது, கழிப்பறை வார்டின் கோடியில் இருப்பதாலும் மருமகளைக் கூப்பிடக் கூச்சமாக இருப்பதாலும் என்று யாருக்காவது தெரியுமா? தெரிந்தால் நடையையும் கழிப்பறையையும் ஒன்றாக்கிவிடலாம், தண்ணீரும் உள்ளே போகும்.

சாப்பாடு இன்னும் சிக்கலானது. குடிக்கலாம், சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னதும் நம் வீடுகளில் வருவது டீயும் ரஸ்க்கும் பன்னும். முட்டை சீழ் பிடிக்கவைக்கும், பருப்பு ஆகாது, கத்தரிக்காய் கரப்பான் என்று பாட்டி காலத்துப் பத்தியம் ஒன்று குடும்பத்தோடு வார்டுக்குள் வந்துவிடும். புண் ஆறத் தேவையான புரதம் அந்தப் பத்தியத்தில்தான் தடைபடுகிறது. சர்க்கரை உள்ளவருக்கு ரஸ்க்கும் இனிப்பு டீயும் காயத்துக்கு எதிரி. சாப்பாட்டைத் தீர்மானிப்பவர் ஊரில் இருக்கும் மாமியாரின் அக்கா என்றால் அவரிடம்தான் பேச வேண்டும். 'அதிகப் புரத உணவு பற்றி அறிவுறுத்தவும்' என்று மாணவி நோட்டில் எழுதுவதற்கும், 'பெரியம்மா வியாழக்கிழமை வருகிறார், அப்போது முட்டை பற்றிப் பேச வேண்டும்' என்று வார்டில் எழுதுவதற்கும் நடுவில்தான் அந்தப் புண் ஆறுவதோ ஆறாமல் போவதோ இருக்கிறது.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். இன்று எழுதப்படும் கேர் பிளான்களில் பெரும்பாலானவை பயனற்றவை. 'அறுவைக் காயத்தால் வலி, நோயாளி சொல்வதிலிருந்து அறியப்படுகிறது' என்று தொடங்கி ஐந்து பத்தியில் கோடு போட்டு நிரப்புகிறார்கள். தரச்சான்று ஆய்வுக்கு ஆள் வரும் வாரத்தில் ஒரே மாதிரி அச்சடித்த படிவம் எல்லாக் கேஸ் ஷீட்டிலும் ஏறுகிறது. கணினி வைத்திருக்கும் மருத்துவமனைகளில் ஒரு பொத்தானில் மூன்று பக்கம் வந்து விழுகிறது. இதைப் பார்த்து ஒருவர் 'காகிதம் உயிரைக் காப்பாற்றாது' என்றால் அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது.

அதற்குச் சான்றும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைசிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் பயன்படுத்திப் பார்த்தபோது இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8க்கு இறங்கியது. அந்த முடிவு வந்தது 2009இல். பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகள் அதே மாதிரியான பட்டியலுக்கு மாறின. 2014இல் வந்த முடிவில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. பட்டியலைக் கொண்டுவந்ததாக அறிவிப்பது ஒன்று, அதைச் சொல்லிச் சொல்லிச் செய்வது வேறொன்று. இதிலிருந்து பட்டியலே வேண்டாம் என்ற முடிவுக்கு எந்த மயக்க மருத்துவரும் வரவில்லை. சரியாகப் பயன்படுத்துங்கள் என்றுதான் சொன்னார்கள். செவிலியரின் திட்டத்துக்கு மட்டும் ஏன் வேறு நீதி?

அது நோட்டாகச் செத்துப்போனதற்குக் கல்லூரிகளுக்கும் பொறுப்பு உண்டு. ஐடா ஜீன் ஆர்லாண்டோ 1961இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தியது, செவிலியர் தான் கண்டதையும் நினைத்ததையும் நோயாளியிடமே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதைத்தான். நாம் கேட்பதை விட்டுவிட்டுக் கட்டம் போடுவதை மட்டும் வைத்துக்கொண்டோம். வேலூரிலும் டெல்லியிலும் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது 1946இல். எண்பது ஆண்டு நெருங்கியும், ஒரு மாணவி எழுதிய திட்டத்தை அந்த நோயாளியைப் பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ் ஒருமுறைகூடப் படிக்காமலேயே மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நேரமில்லை என்ற வாதத்துக்கு வருகிறேன். முப்பது பேருக்கு ஒருவர் என்று நிற்கும் செவிலியரிடம் ஐந்து பத்தித் திட்டம் கேட்பது கொடுமை. அதை யாரும் கேட்கக் கூடாது. ஆனால் முப்பது பேரையும் ஒரே அளவில் பார்க்க முடியாது என்பதால்தான், இந்த இரவில் யாரை முதலில், எதற்காகப் பார்க்க வேண்டும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். முப்பதில் நான்கைந்து பேருக்கு ஆறு வரி. ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் அதில் ஒரு வரி அடிக்கப்பட்டு இன்னொரு வரி சேரும். முழுவதையும் புதிதாக எழுத வேண்டியதே இல்லை.

திட்டம் ஆள் பற்றாக்குறைக்கு மாற்று என்று யாரேனும் நிர்வாகி எடுத்துக்கொள்வாரானால் அவரோடும் எனக்குச் சண்டை உண்டு. லிண்டா எய்க்கன் குழு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் எழுதியது: ஒரு செவிலியருக்குக் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு நோயாளிக்கும், அறுவைசிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு ஏறுகிறது. இங்கே ஆள் கேட்டுப் போராடும்போதெல்லாம் நிர்வாகம் எண்ணுவது கட்டில்களையும் ஊசிகளையும்தான். இருமக் கற்றுக்கொடுத்த பத்து நிமிடம், மணிக்கு மணி யூரின் அளந்தது, பெரியம்மாவோடு முட்டை பற்றிப் பேசியது எதுவும் எந்தப் பதிவிலும் இல்லை. பதிவில் இல்லாத வேலைக்கு யாரும் பணியிடம் ஒதுக்க மாட்டார்கள். 'ஆர்டரைச் செய்தால் போதும்' என்று நாமே சொல்லிக்கொள்ளும்போது, நம் வேலை அவ்வளவுதான் என்று அவர்களுக்கு எழுதிக்கொடுக்கிறோம்.

ஆகவே மூன்று இடத்தில் கேட்கிறேன். நர்சிங் கண்காணிப்பாளர்கள் ஹேண்டிங் ஓவரைத் திட்டத்தை வைத்து நடத்தட்டும்: பெட் நம்பருக்கு அடுத்த வாக்கியம், இந்த நோயாளிக்கு இன்றிரவு நாம் எதற்குப் பயப்படுகிறோம் என்பதாக இருக்கட்டும். சர்ஜன்கள் ரவுண்ட்ஸில் அந்த ஆறு வரியைப் படித்து, கூப்பிட வேண்டிய அளவுகளில் கையெழுத்துப் போடட்டும். தேர்வு நடத்த வரும் எங்களைப் போன்றவர்கள் நோட்டை மூடிவைத்துவிட்டு மாணவியைக் கட்டிலருகே கூட்டிப் போய், இந்த அம்மா ஏன் இருமவில்லை என்று கேட்போம். அதற்கு அவள் சொல்லும் பதிலுக்கு மதிப்பெண் போடுவோம்.